“நேராகக் கேட்டால் தூண்டிவிட்டது போல ஆகிவிடாதா?”

அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். தற்கொலைத் தடுப்பு பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ அந்த எண்ணம் இப்போதே இருந்தால், இதைப் படிக்க வேண்டாம். 14416-க்கோ 104-க்கோ கூப்பிடுங்கள். இலவசம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

தேவகோட்டையிலிருந்து: மனசு பலவீனமானவர்கள்தானே சார் இப்படிச் செய்கிறார்கள்? இதில் சமூகம் எங்கே வந்தது?

அப்படியானால் கணக்கு எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமே? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ல் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர்; மகாராஷ்டிராவுக்கு அடுத்து நாம்தான். ஏறக்குறைய நாலில் ஒருவர் தினக்கூலி. இறந்த பெண்களில் பாதிக்கு மேல் இல்லத்தரசிகள். மனச்சோர்வும் குடியும் காரணங்கள்தாம், அவற்றுக்கு வைத்தியம் வேண்டும். ஆனால் கூலி நிச்சயமில்லாத வீட்டிலும், வாய் திறக்க ஆளில்லாத அடுப்படியிலும் அந்தச் சோர்வு இரண்டு மடங்கு கனக்கிறது. மனிதரைப் பிறரோடு பிணைக்கும் உறவு தளரும்போதும், வாழ்க்கை ஒழுங்கு திடீரென்று குலையும்போதும் தற்கொலை கூடுகிறது என்று பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் தர்கைம் 1897-லேயே எழுதிவிட்டார்.

புதுவயலிலிருந்து: என் தங்கை மூன்று குழுவில் கடன் வாங்கியிருக்கிறாள். வசூலுக்கு வருபவர்கள் தெருவில் நின்று சத்தம் போடுகிறார்கள். “செத்துப் போயிடலாம்னு இருக்கு” என்கிறாள். சும்மா சொல்கிறாளா? நேராகக் கேட்டால் தூண்டிவிட்டது போல ஆகிவிடாதா?

சும்மா சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, “தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?” என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வராது. ஏற்கெனவே இருக்கும் எண்ணம்தான் வெளியே வரும். நான் கேட்டபோது அழுதவர்கள் உண்டு, கோபப்பட்டவர் அபூர்வம். “பிள்ளைகளை நினைச்சுப் பாரு” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் ராத்திரி முழுக்க நினைப்பது பிள்ளைகளைத்தான். ஆமாம் என்று சொன்னால் தனியாக விடாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அப்புறம் கடன். தைரியம் சொல்வது மட்டும் போதாது, தவணை குறைய வேண்டும். மூன்று கடனையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் விதி போட்டிருக்கிறது: மாதத் தவணை எல்லாம் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது, கெட்ட வார்த்தை, மிரட்டல், உறவினரைத் தொந்தரவு செய்வது எதுவும் கூடாது. வசூலுக்கு வருபவரிடம் நீங்கள் பேசுங்கள். தங்கையை வாசலுக்கு வரவிடாதீர்கள். கடனைவிட, நாலு பேர் பார்க்க நடக்கும் அந்த அவமானம்தான் ஆளைத் தின்கிறது.

சிங்கப்பூரிலிருந்து: ஆச்சி கானாடுகாத்தான் வீட்டில் தனியாக இருக்கிறார்கள். “நான் போனா யாருக்கு என்ன” என்கிறார்கள். தினமும் வீடியோவில் பேசுகிறோம். போதாதா?

பேசுவதை நிறுத்தாதீர்கள், ஆனால் போதாது. பந்தி பந்தியாகச் சாப்பிட்ட வீடு அது. இப்போது முகப்பிலிருந்து அடுப்படி வரை ஒரு மனுஷி. முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் பங்காளிகள் வந்து, வளவு என்கிற உள்முற்றம் நிறைகிறது, மறுநாள் கார்கள் போய்விடுகின்றன. நான் பயப்படுவது அந்த மறுநாளைத்தான். யாராவது ஒருவர் ஒரு வாரம் கூடத் தங்குங்கள்.

“சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா” என்பதோடு, அவர்களிடம் ஏதாவது கேட்டு வாங்குங்கள். ஓலைக் கொட்டான் முடையத் தெரிந்த ஆச்சியென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். தான் இன்னும் தேவைப்படுகிறோம் என்பதை வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். தூக்கமும் பசியும் குறைந்திருந்தால் வயசுக்கோளாறு என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். முதுமையில் வரும் மனச்சோர்வு குணமாகக்கூடியது.

சாக்கோட்டையிலிருந்து: முடிவெடுத்துவிட்டவரைத் தடுக்கவே முடியாது என்கிறார்களே?

பக்கத்து நாட்டைப் பாருங்கள். 1990-களின் நடுவில் உலகிலேயே தற்கொலை விகிதம் மிக அதிகமான நாடுகளில் இலங்கையும் ஒன்று. மிகக் கொடிய விவசாய நஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் இறங்கியது. விளைச்சல் குறையவில்லை. பலருக்கு அந்த வேகம் ஒரு அலை மாதிரி, கொஞ்ச நேரத்தில் வடியும். அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமலும் ஆள் துணையோடும் இருந்தால் பிழைத்துக்கொள்வார்கள். வயல் மருந்தை வீட்டில் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள்.

காரைக்குடியிலிருந்து: ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகுமே?

பயப்படாதீர்கள். மருத்துவமனை போலீசுக்குத் தகவல் சொல்லலாம், வந்து விசாரிக்கலாம். ஆனால் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டப்படி, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவும் 2024-ல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. உடனே கொண்டு போங்கள்.

பள்ளத்தூரிலிருந்து: எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மகன் அப்படி இறந்துவிட்டான். பதினாறாம் நாளுக்குப் பிறகு யாரும் போவதில்லை. என்ன பேசுவதென்று எனக்கும் தெரியவில்லை.

போங்கள். ஏன், எப்படி என்று கேட்க வேண்டாம். “கவனிச்சிருக்கலாமே” என்ற சொல் மறந்தும் வரவேண்டாம். அந்த அம்மா அதைத் தனக்குத்தானே ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். பையன் பெயரைச் சொல்லியே பேசுங்கள். சின்ன வயதில் உங்கள் திண்ணையில் விளையாடியிருந்தால் அதைச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும், கூட இருங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி போங்கள்.