சூட்டு உளி ஏன் உடைகிறது? பழைய ஸ்பிரிங்கில் சரியாகச் செய்வது எப்படி

கேள்வி: வீட்டில் சிறிய கரி உலை வைத்துக் கொல்லு வேலை பழகி வருகிறேன். பழுத்த கம்பியை வெட்ட, பழைய கார் சுருள் ஸ்பிரிங்கில் ஒரு துண்டை அடித்து உளி செய்தேன். செக்கச் செவேலென்று காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தேன். அரம் வழுக்கும் அளவுக்குக் கெட்டியாக வந்தது. இரண்டாவது வேலையிலேயே விளிம்பு பெயர்ந்து விழுந்துவிட்டது. தோய்ச்சலே போடாமல் செய்த இன்னொன்றோ முனை மடங்கிப்போகிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரியில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் மடங்கியதுதான் மேல். அதை மறுபடி காய்ச்சி நிமிர்த்திக்கொள்ளலாம். பெயர்ந்து தெறிக்கும் சில்லு கண்ணில் பட்டால் சரிசெய்ய வழியில்லை.

பச்சை இரும்பை, அதாவது காய்ச்சாத இரும்பை, வெட்டும் உளிக்குத்தான் அந்தக் கெட்டித்தன்மை வேண்டும். 1000 டிகிரியில் பழுத்திருக்கும் இரும்பு அதுவாகவே இளகிக் கொடுக்கும். அதை வெட்டும் உளி அடி தாங்கினால் போதும். அதோடு, வெட்டும்போது வேலையின் சூடு உளி முனைக்கு ஏறி, நீங்கள் போட்ட தோய்ச்சலை எப்படியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். ஆகவே முனையின் வடிவத்துக்கும் பயன்படுத்தும் விதத்துக்கும் கொடுக்கும் கவனம்தான் உங்கள் உளியைக் காப்பாற்றும்.

ஸ்பிரிங் நல்ல தேர்வு. பெரும்பாலான வாகன ஸ்பிரிங்குகளில் கரிமம் 0.6 சதவீத அளவில் இருக்கும். கூடவே குரோமியமோ சிலிக்கனோ கலந்திருக்கும். இந்த ரக எஃகு எண்ணெயில் தோய்ப்பதற்கானது. தண்ணீர் அதை அளவுக்கு மீறி வேகமாகக் குளிர்விப்பதால் உள்ளே மயிரிழை விரிசல் விடும். உங்கள் உளி போன விதத்தைப் பார்த்தால் அதுதான் நடந்திருக்கிறது; அதன் பிறகு பதம் இறக்காமல், அதாவது மறுபடி மிதமாகக் காய்ச்சி அதன் முறியும் தன்மையைக் குறைக்காமல், விட்டது மீதி வேலையைச் செய்துவிட்டது. ஓடி ஓய்ந்த ஸ்பிரிங்கில் ஏற்கெனவே விரிசல் இருக்கவும் வாய்ப்புண்டு. துரு ஆழமாக அரித்த இடத்தைத் தொடாதீர்கள். ஒரு எச்சரிக்கை: ஷாக் அப்சார்பரோடு அழுத்தத்தில் பூட்டியிருக்கும் ஸ்பிரிங்கை நீங்களே கழற்ற வேண்டாம். கழற்றிய ஸ்பிரிங்கை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏறக்குறைய 25 செ.மீ. நீளம் வையுங்கள், கை சூட்டிலிருந்து தள்ளியிருக்கும். பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் அடியுங்கள். நிறம் மங்கிய சிவப்புக்கு இறங்கியதும் நிறுத்திவிட்டு மறுபடி உலையில் வையுங்கள். பொறி பறக்கும் அளவுக்குக் காய்ந்தால் எஃகு வெந்துபோயிற்று என்று அர்த்தம், அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டியதுதான். முனையின் கோணம் 30 டிகிரி அளவில் இருக்கட்டும். பச்சை இரும்பு உளிக்கு இது 60. விளிம்பை நேர்கோடாக விடாமல் லேசாக வளைத்துத் தேயுங்கள், மூலைகள் உடையாது. கத்தி மாதிரி மெல்லியதாக்க வேண்டாம். உங்கள் இரண்டாவது உளி மடங்கியதற்குத் தோய்ச்சல் இல்லாததைவிட முனை மெலிந்ததே காரணம் என்று நினைக்கிறேன்.

அடித்து முடித்ததும் நேராகத் தோய்ச்சலுக்குப் போகாதீர்கள். காந்தம் ஒட்டாத நிலைக்குச் சற்று மேலே காய்ச்சி, காற்றில் தானாக ஆற விடுங்கள். இப்படி மூன்று முறை செய்தால் அடித்ததில் தாறுமாறாகிப்போன உள்மணிகள் (எஃகுக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்கள்) நுண்மையாகும். பலர் தாண்டிக்குதிக்கும் கட்டம் இது; என் கணக்கில் தோய்ச்சலைவிட முக்கியம்.

இனி தோய்ச்சல். எஃகு 770 டிகிரியில் காந்தத்தை விடும். அதற்கு மேல் இன்னும் ஒரு சாயல் பிரகாசம் ஏறட்டும், 830 டிகிரி வாக்கில் வந்துவிடும். முனைப் பக்கம் 4, 5 செ.மீ. மட்டும் காய்ந்தால் போதும். 50 டிகிரிக்குச் சூடாக்கிய சமையல் எண்ணெயில் செங்குத்தாக இறக்கி மேலும் கீழுமாக அசையுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் உளி வளையும். எண்ணெய் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் உலோகப் பாத்திரமும் அதற்கேற்ற இரும்பு மூடியும் கையருகே இருக்கட்டும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

உளி முழுதும் ஆறியதும் எண்ணெயைத் துடைத்து, முனையை உப்புத்தாளில் பளபளப்பாகத் தேயுங்கள். பிறகு பதம் இறக்க, நடுப்பகுதியை மெதுவாகக் காய்ச்சினால் நிறங்கள் முனையை நோக்கி நகரும்: இளமஞ்சள், பழுப்பு, ஊதா, கடைசியாக நீலம். 300 டிகிரியைக் காட்டும் நீலம் விளிம்பைத் தொட்டதும் தண்ணீரில் அமிழ்த்துங்கள். இந்தச் சூட்டில் தண்ணீர் கெடுதல் செய்யாது. நிழலில் நின்று பாருங்கள், வெயிலில் நிறம் ஏமாற்றும். அடி வாங்கும் தலைப்பகுதிக்குத் தோய்ச்சல் ஏறவே கூடாது.

வேலையில் மூன்று நான்கு அடிக்கு ஒருமுறை முனையைத் தண்ணீரில் நனையுங்கள், சிவக்கும் வரை காத்திராமல். தப்பித்தவறிச் சிவந்துவிட்டால் மட்டும் தண்ணீருக்குக் கொண்டுபோகாதீர்கள், காற்றில் ஆறட்டும். பிறகு மறுபடி தோய்ச்சல் போட்டுக்கொள்ளலாம். பட்டடைக் கல்லின் கெட்டியான முகத்தில் உளி மோதாமல் அடியில் ஒரு மெல்லிய இரும்புத் தகடு வையுங்கள். வெட்டு முடியும் தறுவாயில் அடியைக் குறைத்து, கடைசி இழையைத் திருகி முறியுங்கள். தலைப்பகுதி அடிபட்டுக் குடை விரிந்தால் உடனே கிரைண்டரில் சீவிவிடுங்கள், அந்த ஓரங்களும் தெறிக்கும். உலைக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் கண்ணாடி போட்டிருங்கள்.