கல்லாவும் நாற்காலியும்

அன்புள்ள ஐயா,

பதினான்கு பேர் வேலை பார்க்கும் நிறுவனம் என்னுடையது. கல்லாவில் இரண்டு முறை பணம் குறைந்ததும் சிசிடிவி வைத்தேன். பிறகு குறையவில்லை. ஆனால் கேமராவைச் செல்போனில் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. சாப்பிடும்போதுகூடப் பார்க்கிறேன். யாராவது இருக்கையில் இல்லையென்றால் உடனே போன் போட்டு விசாரிக்கிறேன். "நம்பிக்கை இல்லாமல் எதற்கு வேலைக்கு வைத்தீர்கள்?" என்று மூத்த ஊழியர் ஒருவர் கேட்டுவிட்டார். சம்பளம் கொடுப்பவன் பார்க்கக் கூடாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பார்க்கலாம். ஆனால் பணம் குறைந்தது கல்லாவில். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது நாற்காலியை.

ஸ்பெயினில் 2009இல் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மாதாமாதம் கணக்கு பல ஆயிரம் யூரோ உதைத்தது. நிர்வாகம் வாசலில் தெரியும்படியும் கல்லாப் பக்கம் மறைத்தும் கேமரா வைத்தது. திருட்டில் அகப்பட்டு வேலை போனவர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2019இல் அதன் பெரிய அமர்வு அவர்களுடைய உரிமை மீறப்படவில்லை என்றது. சந்தோஷப்படுவதற்குள் காரணங்களையும் கேட்டுவிடுங்கள்: சந்தேகத்துக்கு வலுவான அடிப்படை இருந்தது, மறைகேமரா ஓடியது 10 நாள்தான், பதிவைப் பார்த்தவர்கள் ஒரு சிலரே. உங்கள் கேமரா எத்தனை நாளாக ஓடுகிறது?

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு மெய்ப்புத் திருத்துநர் இருந்தார். ஒரு வரியில் சந்தேகம் வந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கண்ணையும் மூடிக்கொள்வார். உதடு மட்டும் அசையும். பிழை அகப்பட்டுவிடும். தலைக்கு மேல் கேமரா வந்ததும் பேனாவை மூடுவதே இல்லை. படித்து முடித்த பக்கத்தின் ஓரத்தில் சும்மா கோடு இழுத்துக்கொண்டிருப்பார். திரையில் நல்ல சுறுசுறுப்பு. பிழைகள் அச்சுக்குப் போயின.

நடுக்கோபுரத்திலிருந்து ஒருவன் எல்லோரையும் கண்காணிக்கும் வட்டக் கட்டடத்தை ஆங்கிலேயத் தத்துவவாதி ஜெரமி பெந்தாம் சிறைக்காகத் திட்டமிட்டார் என்று படித்திருப்பீர்கள். யோசனை அவருடையது அல்ல, தம்பி சாமுவேலுடையது. 1780களில் ரஷ்யாவில் ஒரு பிரபுவின் பண்ணையில் வேலையாட்களை மேற்பார்க்க அவர் யோசித்த தொழிற்கூடம் அது. சிறைக்குப் போனது பிறகுதான். ஆனால் ஜெரமி ஒன்றில் கறாராக இருந்தார். வெளியார் யாரும் உள்ளே வந்து கண்காணிப்பவனையும் பார்க்கும்படி கதவு திறந்திருக்க வேண்டும் என்றார். உங்களுக்கு சிசிடிவி மாட்டியவர் அந்தக் கதவை மாட்டவில்லை.

செல்போனிலிருந்து அந்தச் செயலியை இன்றே எடுத்துவிடுங்கள். கல்லாவில் மறுபடி கணக்கு உதைத்தால் அந்த நேரத்துப் பதிவை மட்டும் எடுத்துப் பாருங்கள், பக்கத்தில் இன்னொருவரை வைத்துக்கொண்டு. பதிவு எத்தனை நாள் இருக்கும், எப்போது அழியும் என்பதை எல்லோருக்கும் எழுதிக் கொடுங்கள். சாப்பிடும் இடத்தில் ஒன்று இருந்தால் கழற்றிவிடுங்கள், அதற்கு விவாதமே வேண்டாம்.

கேமராவைக் கல்லாப் பக்கம் திருப்பும் அன்று ஏணியில் ஏறுபவரிடம் 'இன்னும் கொஞ்சம், போதும்' என்று சொல்லும் வேலையை அந்த மூத்த ஊழியரிடம் கொடுங்கள்.