முதுமலை புலிகள் காப்பகம்: ஏன் இத்தனை தடை? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: அண்ணா, சொந்த ஜீப் இருக்கிறது. நாங்களே காட்டுக்குள் சஃபாரி போகலாமா?

முடியாது தம்பி. தெப்பக்காட்டில் சீட்டு வாங்கி வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும். மசினகுடியில் யாராவது "நைட் சஃபாரி, யானை காட்டுறேன்" என்று கூப்பிட்டால் ஏறிவிடாதீர்கள், மாட்டினால் வழக்கு உங்கள் மேலும்தான் பாயும்.

கேள்வி: ஊட்டி - மைசூரு ரோடு தேசிய நெடுஞ்சாலைதானே? நிறுத்தினால் என்ன? இரவில் ஏன் மூடுகிறார்கள்?

நெடுஞ்சாலைதான், ஆனால் புலிகள் காப்பகத்துக்கு நடுவில் போகிறது. கக்கநல்லா எல்லைச் சாவடி தாண்டி கர்நாடகத்தின் பந்திப்பூர் பக்கம் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை போக்குவரத்து கிடையாது. ஆம்புலன்ஸுக்கும் சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு. இருட்டில் மான்களும் மற்ற விலங்குகளும் வண்டியில் அடிபட்டுக்கொண்டே இருந்ததுதான் காரணம். பகலில் வேறு தொல்லை. ஒரு கார் நின்றால் பின்னால் பத்து நிற்கும், குட்டியோடு சாலையைக் கடக்க வந்த யானை வழியில்லாமல் மிரண்டு நிற்கும், அந்த நேரம் பார்த்து ஒருவர் செல்போனோடு கீழே இறங்குவார். எனக்கு எரிச்சல் வருவது இவர்கள் மேல்தான்.

கேள்வி: குரங்குக்கு பிஸ்கட்?

வேண்டாம். அப்புறம் அது சாலையோரத்திலேயே கிடந்து அடிபட்டுச் சாகும்.

கேள்வி: மார்ச்சில் வரலாமா?

வரலாம், ஆனால் காட்டுத்தீ அபாயம் அதிகமானால் சஃபாரியை நிறுத்திவிடுவார்கள், வருமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். உண்ணிச்செடி புதர் காய்ந்து கிடக்கும், ஒரு பீடித்துண்டு போதும். சாலையோரம் கருகியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தீ தாண்டாமல் இருக்க வனத்துறையே முன்கூட்டி எரித்துவிட்ட பட்டை அது.

கேள்வி: முதுமலையை ஒட்டிய சீகூரில் ரிசார்ட்டுகளை மூடியது அநியாயம் இல்லையா சார்?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே யானைகள் போய்வரும் வழி அது, வேலி போட்டால் எங்கே போகும்? அந்த வழியிலிருந்து ரிசார்ட்டுகளைக் காலி செய்யச் சொன்ன 2011 சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. அடுத்த ஜனவரியிலேயே மசினகுடியில் ஒரு யானை மேல் எரியும் டயரை வீசினார்கள், அது செத்தும் போனது. ஆனால் சின்ன நிலம் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர் கதை வேறு. ஆட்சேபங்களைக் கேட்க நீதிமன்றமே குழு அமைத்தது, அவர்களையும் ரிசார்ட்காரரையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

கேள்வி: இ-பாஸ் எடுத்தால் சஃபாரியும் உண்டா?

இல்லை, அது நீலகிரிக்குள் வண்டி வருவதற்கு. சஃபாரி சீட்டு தனி.