பிழை அறிக்கைகள் குறைந்துவிட்டன, மகிழலாமா?

கேள்வி: 150 படுக்கைகள் உள்ள மருத்துவமனையில் நிர்வாகப் பொறுப்பேற்று ஆறு மாதமாகிறது. மருந்துப் பிழைகள் பற்றி வார்டுகளிலிருந்து மாதம் 40 அறிக்கைகள் வரை வந்துகொண்டிருந்தன. ஊசிமருந்தை மாற்றி எடுத்த ஒரு நர்ஸுக்கு மெமோ கொடுத்தோம். அதன் பிறகு மாதம் 9தான் வருகின்றன. 'மூன்றாண்டுத் திட்டத்தில் பிழைகளைப் பாதியாக்குவோம் என்று எழுதுங்கள், பாதி வேலை முடிந்துவிட்டது' என்கிறார் இயக்குநர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. ஒரு மெமோவால் யாருடைய கையும் ஒரே மாதத்தில் திருந்திவிடாது. வாய்தான் மூடும்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் இதே முடிச்சில்தான் சிக்கினார். நல்ல தலைமை இருக்கும் வார்டில் மருந்துப் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. அந்த வார்டுகளில் தவறு அதிகமில்லை, அதைச் சொல்லும் துணிவுதான் அதிகம் என்ற விளக்கத்துக்கு வந்தார். 1996-இல் அந்த ஆய்வு வெளியானது.

இயக்குநரிடம் இந்தக் கதையை மட்டும் சொன்னால் எடுபடாது. உங்கள் மருந்தகப் பதிவேட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஓபியாய்டு வலிநிவாரணி அதிகமானால் கொடுக்கும் நலாக்சோன், சர்க்கரை திடீரென்று இறங்கினால் ஏற்றும் குளுக்கோஸ் ஊசி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் கொடுத்து அது மிகையானால் தரும் வைட்டமின் கே ஆகியவை மாதம் எத்தனை முறை போயிருக்கின்றன என்று பாருங்கள். இவை ஒவ்வொரு முறையும் பிழையைக் காட்டுவதில்லை. நோயின் போக்கிலும் தேவைப்படும். ஆனாலும் அறிக்கைகள் 40-லிருந்து 9-க்கு இறங்கியபோது இந்தச் செலவு அசையவே இல்லையென்றால், குறைந்தது எது என்று அவருக்கே புரியும்.

அடுத்தது அந்த மெமோ. பிழை ஆராய்ச்சியில் பெயர்பெற்ற ஜேம்ஸ் ரீசன் ஒரு சோதனை சொல்வார்: அதே பயிற்சி பெற்ற இன்னொருவரை அதே நேரத்தில், அதே வேலைப்பளுவோடு அங்கே நிறுத்தினால் இதே தவறு நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றால் ஆளைத் தண்டித்துப் பயனில்லை. ஒரே மாதிரியான இரண்டு ஆம்பியூல்கள் (ஊசிமருந்துக் குப்பிகள்) ஒரே தட்டில் இருந்திருக்கலாம். நீர்க்காமல் ஏற்றினால் உயிரையே பறிக்கும் அடர் பொட்டாசியம் குளோரைடை வார்டிலேயே வைக்காதீர்கள் என்று உலகம் முழுக்க வலியுறுத்துவதற்கும் இதுவே காரணம். 'கவனமாக இரு' என்று நூறு முறை சொல்வதைவிட, கைக்கு எட்டாமல் வைப்பது மேல். தெரிந்தே விதியை மீறுபவர் வேறு ரகம். அங்கே ஒழுங்கு நடவடிக்கை வேண்டும்தான்.

சோதனையில் அந்த நர்ஸ் தேறினால் மெமோவைத் திரும்பப் பெறுங்கள், அதுவும் ஊழியர்கள் அறிய. நிர்வாகம் தன் தவறை ஒப்புக்கொள்வதைப் பார்க்காத ஊழியர் தன் தவறைச் சொல்வார் என்று நான் நம்பவில்லை.

பிறகு, வரும் ஒவ்வொரு அறிக்கைக்கும் ஒரு வாரத்துக்குள் பதில் போகட்டும்: என்ன மாற்றினோம், மாற்ற முடியவில்லையென்றால் ஏன். இதைத்தான் பெரும்பாலான மருத்துவமனைகள் கோட்டைவிடுகின்றன. பெட்டியில் போட்டது கிணற்றில் போட்ட கல்லானால் அடுத்த முறை யார் எழுதுவார்? மூத்த மருத்துவர்கள் ரவுண்ட்ஸில் கத்தினால் உங்கள் படிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வீண். அவர்களை மருத்துவக் கண்காணிப்பாளர்தான் தனியாக அழைத்துப் பேச வேண்டும், நீங்கள் அல்ல.

திட்டத்தில் 'பிழைகள் பாதியாகும்' என்ற வரியை எழுதாதீர்கள். இலக்குக்காக எண்ணை ஒளிப்பது எளிது. இங்கிலாந்தின் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனையில் நிர்வாகம் இலக்குகளிலும் நிதிக் கணக்கிலும் மூழ்கியிருக்க, நோயாளிகள் தண்ணீருக்குத் தவித்தது 2013-இல் வந்த விசாரணை அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. முதலாண்டு இலக்காக அறிக்கைகள் கூடுவதையே வையுங்கள், குறிப்பாக நோயாளியை எட்டுமுன் பிடிபட்டவை. இரண்டாமாண்டில், பதில் போன அறிக்கைகளின் விகிதம். கடும் பாதிப்பு ஏற்படுத்திய பிழைகளைக் குறைப்பதை மூன்றாமாண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குள் உங்கள் எண்கள் ஓரளவு உண்மை பேசத் தொடங்கியிருக்கும்.