அமெரிக்கக் கருக்கலைப்புச் சட்டத்தை நீதிமன்றத் தீர்ப்புகள் எப்படி மாற்றின?

1973-ல் கருக்கலைப்பு உரிமை கிடைத்தது, 2022-ல் பறிபோனது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். நடுவில் உள்ள 49 ஆண்டுகள்தான் விஷயமே. ஒரு மாநிலம் கட்டுப்பாடு கொண்டுவந்தால் உச்ச நீதிமன்றம் அதை எந்த அளவுகோலால் சோதித்தது என்று பாருங்கள்.

ரோ எதிர் வேட் வழக்கில் (1973, 7-2) டெக்சாஸின் தடைச் சட்டம் செல்லாமல் போனது. முதல் மூன்று மாதங்களில் முடிவு பெண்ணுக்கும் மருத்துவருக்கும் உரியது. அடுத்த கட்டத்தில் பெண்ணின் உடல்நலத்தைக் காக்க மட்டும் மாநிலம் விதி போடலாம். கரு வெளியே பிழைக்கக்கூடிய நிலையை எட்டிய பிறகு தடையே விதிக்கலாம். தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் விலக்கு கொடுத்தாக வேண்டும்.

கருக்கலைப்புக்கு முன் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற விதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒஹையோவின் ஏக்ரன் நகரம் போட்ட அந்த விதியை 1983-ல் நீதிமன்றம் ரத்து செய்தது. பென்சில்வேனியா போட்ட அதே 24 மணி நேர விதி, 1992-ல் கேசி வழக்கில் செல்லும் என்றானது. இரண்டிலும் அடிப்படை, தனிமனித சுதந்திரத்தைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் 14-வது திருத்தம்தான். அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது அளவுகோல்: கேசியில் மூன்று மாதக் கணக்கைக் கைவிட்டு, 'பெண்ணின் மீது தகாத சுமை ஏற்றுகிறதா?' என்ற புதிய சோதனையை வைத்தார்கள். கணவருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற விதி அதில் அடிபட்டது.

சுமை எவ்வளவு இருந்தால் தகாதது? இங்கேதான் சிக்கல். கருக்கலைப்பு செய்யும் மருத்துவருக்கு 30 மைலுக்குள் உள்ள மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளைச் சேர்க்கும் அனுமதி வேண்டும் என்றது டெக்சாஸ். கேட்க நல்ல ஏற்பாடாகத்தான் இருக்கும்; ஆனால் மருத்துவப் பலன் சொற்பம், கிளினிக்குகள் மூடப்பட்டன. 2016-ல் அது ரத்தானது. கிட்டத்தட்ட அதே லூசியானா சட்டம் 2020-ல் 5-4 என்று மயிரிழையில் விழுந்தது. 2016 தீர்ப்பை எதிர்த்து எழுதிய நீதிபதிகளோடு நின்ற தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், முன் தீர்ப்பை மதிக்க வேண்டும் என்று சொல்லி இந்த முறை பக்கம் மாறினார்.

2022 டாப்ஸ் வழக்கில், 15 வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்பைத் தடுக்கும் மிசிசிப்பி சட்டம் செல்லும் என்ற நீதிபதிகள் ஆறு பேர். ரோவையும் கேசியையும் தூக்கியெறிந்தவர்கள் ஐந்து பேர். ராபர்ட்ஸ் மிசிசிப்பி சட்டம் செல்லும் என்பதோடு நின்றுகொண்டார். இப்போது சட்டமன்றத்துக்கு நியாயமான ஒரு காரணம் இருந்திருக்கலாம் என்றாலே சட்டம் தப்பிவிடும். டாப்ஸ் நாடு முழுக்கத் தடை போட்டது என்பது தவறு. முடிவை மாநிலங்களிடம் விட்டது.

அதனால் வழக்குகள் மாநில அரசியலமைப்புக்குத் தாவிவிட்டன. கன்சாஸ் உச்ச நீதிமன்றம் 2019-லேயே தன் மாநில அரசியலமைப்பில் இந்த உரிமை உண்டு என்றது. அதை நீக்கும் திருத்தத்தை 2022 ஆகஸ்டில் வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். அரிசோனாவில் கருக்கலைப்பை ஏறக்குறைய முழுதாகத் தடுக்கும் 1864-ம் ஆண்டுச் சட்டத்தை அமல்படுத்தலாம் என்று 2024 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. சில வாரங்களில் சட்டமன்றமே அதை நீக்கியது. ஒரு மாநிலத்தின் இன்றைய நிலை தெரிய வேண்டுமானால் சட்டப் பிரிவோடு நிறுத்தாதீர்கள்: அதன் மீது இடைக்காலத் தடை உண்டா, மாநில உச்ச நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கிறது என்பதையும் பாருங்கள்.