இடைத்தேர்தல்: கேட்டவர்களுக்கு விடைகள்

வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பல தேர்தல்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், சட்டமன்ற இடைத்தேர்தல் பற்றி வந்த கேள்விகளுக்கு விடையளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் தொகுதி உறுப்பினர் காலமாகிவிட்டார். எத்தனை நாளுக்குள் தேர்தல் நடத்த வேண்டும்?

பதில்: 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 151அ பிரிவின்படி, இடம் காலியான நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் நடத்த வேண்டும். இதற்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு. எஞ்சிய பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் நடத்தத் தேவையில்லை. உரிய காலத்தில் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையம் மத்திய அரசைக் கலந்து சான்றளித்தாலும் தள்ளிப்போகலாம். ஈரோடு கிழக்கில் 2023 ஜனவரி 4 அன்று உறுப்பினர் மறைந்தார். பிப்ரவரி 27 அன்றே வாக்குப்பதிவு நடந்துவிட்டது. வால்பாறை உறுப்பினர் 2025 ஜூனில் மறைந்தபோது, பேரவையின் காலம் 2026 மே மாதத்தில் முடியவிருந்ததால் அங்கே இடைத்தேர்தல் வரவில்லை. ஆகவே முதலில் பேரவையின் பதவிக்காலம் என்று முடிகிறது என்பதைப் பாருங்கள்.

கேள்வி: இப்போது பட்டியலில் பெயர் சேர்க்க முடியுமா?

பதில்: முடியும், படிவம் 6 கொடுங்கள். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்காகப் பட்டியலில் எதையும் மாற்ற மாட்டார்கள். விண்ணப்பத்தை விசாரிக்கவும் நாள் வேண்டும் என்பதால், தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திராதீர்கள். அட்டை கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு வந்து, பட்டியலில் பெயரில்லாமல் வாசலிலேயே திரும்பிப் போனவர்களை நான் ஒவ்வொரு தேர்தலிலும் கண்டிருக்கிறேன்.

கேள்வி: ஊராட்சி வார்டு உறுப்பினர் இடம் காலியாக இருக்கிறது. அதற்கும் இதே விதியா?

பதில்: இல்லை, அது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு; அங்கே கேளுங்கள்.

கேள்வி: சுயேச்சையாக நிற்க விரும்புகிறேன். என்ன வேண்டும்?

பதில்: 25 வயது நிறைந்திருக்க வேண்டும், தமிழ்நாட்டில் ஏதேனும் ஒரு சட்டமன்றத் தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும். போட்டியிடும் தொகுதியின் வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். வைப்புத்தொகை 10,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000 ரூபாய். தோற்றவருக்கு அந்தத் தொகை திரும்பக் கிடைக்க வேண்டுமானால், செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் அவர் பெற்றிருக்க வேண்டும்.

கேள்வி: ஓர் இடத்துக்காக இவ்வளவு செலவு எதற்கு? மறைந்தவரின் கட்சியே வேறொருவரை நியமித்துவிட்டுப் போகட்டுமே?

பதில்: இதை நான் முழு மனத்தோடு எதிர்க்கிறேன். கட்சிப் பட்டியலுக்கு வாக்களிக்கும் நாடுகளில் பட்டியலின் அடுத்த பெயர் வருவது முறையாக இருக்கலாம். நம்முடைய முறையில் வாக்காளர் ஒரு தொகுதிக்கு ஒரு மனிதரைத் தேர்ந்தெடுக்கிறார். அவர் இல்லாமற்போனால் அந்த இடம் திரும்ப வாக்காளரிடமே வருகிறதே தவிர, கட்சி அலுவலகத்துக்கோ அவருடைய குடும்பத்துக்கோ போவதில்லை. 1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலை எண்ணிப் பாருங்கள். 1972 அக்டோபரில்தான் தொடங்கப்பட்டிருந்த அ.தி.மு.க., மாநிலத்தை ஆண்ட தி.மு.க.வையும் காங்கிரஸின் இரு பிரிவுகளையும் அங்கே தோற்கடித்தது. நியமன முறை இருந்திருந்தால், மக்கள் மனம் மாறிவிட்டது என்ற செய்தி அன்றைக்கு வெளிப்பட்டிருக்காது.

கேள்வி: அது பழைய கதை. இப்போதெல்லாம் ஆளுங்கட்சிதானே வெல்கிறது? நியமித்தாலும் அதே முடிவுதான்.

பதில்: ஆளுங்கட்சியே பெரும்பாலும் வெல்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன், அமைச்சர்கள் தெருத்தெருவாக வந்து நிற்கும்போது மற்றவர்களுக்கு அது சமமான களம் அல்ல. ஆனாலும் 2017 டிசம்பரில் ஆர்.கே. நகரில் ஆளுங்கட்சி வேட்பாளரைச் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் தோற்கடித்தார், முதன்மை எதிர்க்கட்சியான தி.மு.க. வைப்புத்தொகையையே இழந்தது. 2019இல் நடந்த 22 தொகுதி இடைத்தேர்தல்களில் அன்றைய எதிர்க்கட்சியான தி.மு.க. 13 இடங்களை வென்றது. ஆளுங்கட்சிக்கு 9 இடங்களே கிடைத்தன. அந்த ஒன்பதும் கிடைத்திராவிட்டால் அரசே நிலைத்திருக்காது. களம் சமமாக இல்லையென்றால் அதைச் சமமாக்கக் கேட்பதுதான் நியாயம். வாக்குப்பெட்டியையே எடுத்துவிடச் சொல்வது நியாயமாகாது.

கேள்வி: ஆறு மாதமா, ஓராண்டா? தெளிவாகச் சொல்லுங்கள்.

பதில்: முதல் விடையைப் படியுங்கள்.

கேள்வி: பணத்தை வாங்கிக்கொண்டு விருப்பப்பட்டவருக்கு வாக்களித்தால் என்ன தவறு?

பதில்: கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். அதைவிட, உங்கள் தொகுதிக்கு நேரும் இழப்பை எண்ணுங்கள். ஆர்.கே. நகர் உறுப்பினராக இருந்த ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று மறைந்தார். 2017 ஏப்ரல் 12 அன்று நடக்கவிருந்த வாக்குப்பதிவைப் பணப்பட்டுவாடா காரணமாக ஆணையம் ரத்து செய்தது. டிசம்பர் 21 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது. ஓராண்டுக்கும் மேலாக அந்த மக்களுக்குச் சட்டமன்றத்தில் பேச ஆளில்லை. உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி உறையை நீட்டுபவர், அந்த ஓராண்டையும் சேர்த்துத்தான் நீட்டுகிறார்.

கேள்வி: ஒரே தொகுதி என்பதால் இயந்திரத்தில் எளிதாக முறைகேடு செய்யலாமே?

பதில்: வாக்குப்பதிவுக்கு முன் வேட்பாளர்களின் முகவர்கள் கண்ணெதிரே குறைந்தது 50 வாக்குகள் பதிவு செய்து மாதிரி வாக்குப்பதிவு நடத்துவோம். எண்ணிக்கையைக் காட்டி, விவிபாட் (வாக்கைத் தாளில் அச்சிட்டுக் காட்டும் கருவி) சீட்டுகளோடு ஒப்பிட்டு, இயந்திரத்திலிருந்து அந்த மாதிரி வாக்குகளை அழித்த பிறகுதான் பச்சைத்தாள் முத்திரை பொருத்தப்படும். அந்தத் தாளின் எண்ணைக் குறித்துக்கொண்டு கையெழுத்திட முகவர்களுக்கு உரிமை உண்டு. முடிவில், பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சியின் நகலையும் அவர்களுக்குத் தர வேண்டும். ஆனால் விடியற்காலையில் வந்து இதைக் கவனிக்கும் முகவர்கள் மிகக் குறைவு. சந்தேகம் இருக்கும் கட்சி முதலில் நல்ல முகவர்களை அனுப்பட்டும்.

கேள்வி: அட்டை இருக்கிறது, பெயர் இருக்கிறதா என்று தெரியவில்லை. வாக்களிக்கலாமா?

பதில்: பட்டியலில் பெயர் இருந்தால் மட்டுமே வாக்களிக்கலாம். இன்றே பாருங்கள், வாக்குப்பதிவு நாளன்று எந்த அலுவலராலும் உங்களுக்கு உதவ முடியாது.

கேள்வி: பூத் சிலிப்பை மட்டும் எடுத்து வந்தால் போதுமா?

பதில்: போதாது. அது அடையாள ஆவணம் அன்று. வாக்காளர் அட்டையையோ ஆணையம் ஏற்றுக்கொண்ட வேறோர் ஆவணத்தையோ உடன் கொண்டு வாருங்கள்.