குளிர்காலத்தை வழியனுப்பி வசந்தத்தை வரவேற்கும் வினோதச் சடங்குகள் தமிழ்நாட்டில் உண்டா?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த விளக்கத்தையும் படித்தேன். போலந்தில் வைக்கோல் பொம்மையைக் கொளுத்தி ஆற்றில் எறிகிறார்கள், பல்கேரியாவில் மார்ச் 1-ஆம் தேதி சிவப்பு வெள்ளை நூலைக் கையில் கட்டிக்கொண்டு மரம் பூத்ததும் அதைக் கிளையில் கட்டிவிடுகிறார்கள், சூரிச்சில் பனிமனிதன் பொம்மையின் தலை எப்போது வெடிக்கும் என்று காத்து நிற்கிறார்கள் என்று அடுக்கிவிட்டு, "நமக்குக் குளிரும் இல்லை, வசந்தமும் இல்லை, அதனால் சடங்கும் இருக்காது, சரிதானே?" என்று முடித்திருக்கிறீர்கள்.

சரியில்லை. கடற்கரைப் பட்டணத்தில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மதுரைக்கு மேற்கே சோழவந்தான், உசிலம்பட்டிப் பக்கம் மார்கழி விடியலில் வயல் வரப்பில் நின்று பார்த்தவர் இப்படிக் கேட்கமாட்டார். நமக்கு முன்பனி, பின்பனி என்று இரண்டு பனிக்காலம் உண்டு. மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. அதன் பிறகு சித்திரை, வைகாசி இளவேனில். வழியனுப்புவதும் வரவேற்பதும் இங்கே ஒரே நாளில் முடிகிற காரியமில்லை, மார்கழிக் கடைசியில் தொடங்கி வைகாசி வரை இழுக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நேரத்தில் எது பூக்கிறதோ, எது முளைக்கிறதோ அதை வைத்துத்தான் சடங்கு.

முதலில் ஒரு முன்ஜாமீன்: இது மதுரை வட்டாரத்துப் பழக்கம். உங்கள் ஊரில் வேறு செடி, வேறு கிழமை என்றால் அது உங்கள் ஊர் வழக்கம். "எங்கள் தஞ்சாவூரில் அப்படி இல்லையே" என்று பின்னூட்டத்தில் சண்டைக்கு வராதீர்கள்.

மார்கழி வாசலில் இருந்து ஆரம்பிக்கலாம். கோலத்தின் நடுவே சாணி உருண்டை வைத்துப் பரங்கிப்பூ செருகுவதைப் பார்த்திருப்பீர்கள். பூ கிடைக்கவில்லை என்று மார்கழி பிறந்த பிறகு புலம்பிப் பயனில்லை. கொடி பூக்க ஒன்றரை மாதம் பிடிக்கும், ஆகவே ஐப்பசி முதல் வாரத்துக்குள் விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். பறிப்பது ஆண்பூவை மட்டும். பூவுக்கு அடியில் குட்டிக் காய் போலப் புடைப்பு இருந்தால் அது பெண்பூ, அதைத் தொடக்கூடாது. தொட்டால் பொங்கலுக்குக் குழம்பில் போடப் பரங்கிக்காய் இருக்காது. ஆண்பூதான் முதலில் வரும், எண்ணிக்கையிலும் அதிகம், தாராளமாகப் பறிக்கலாம். காம்பு இரண்டு விரல் நீளம் இருக்கும்படி கிள்ளினால்தான் உருண்டையில் நிற்கும். விடியலில் விரிகிற பூ வெயில் ஏறியதும் சுருண்டுவிடும். முதல் நாளே பறித்து வைப்பவர்களின் வாசலில் பூ தலை தொங்கிக் கிடப்பதற்குக் காரணம் அதுதான். சாணி கெட்டியாக இருக்க வேண்டும். மழைக்குப் பின் பச்சைப்புல்லாக மேய்ந்த மாட்டுச் சாணி இளகி உட்கார்ந்துவிடும். வைக்கோல் தின்ற மாட்டுச் சாணி உருண்டையாக நிற்கும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இந்த உருண்டைகளைப் பூவோடு வரட்டியாகத் தட்டிக் காயவைத்து, தையில் சிறுமிகள் சிறுவீட்டுப் பொங்கல் வைத்த பிறகு சூடம் ஏற்றி ஆற்றில் மிதக்கவிடுவார்கள். போலந்துப் பொம்மையோடு ஒப்பிட ஒன்று வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள், வசை இல்லாத வழியனுப்பல்.

அடுத்தது காப்புக் கட்டு. போகி என்றாலே எரிப்பது என்று தொலைக்காட்சி பழக்கிவிட்டது. இங்கே கிராமங்களில் மார்கழிக் கடைசி நாளின் பெரிய வேலை எரிப்பதல்ல, கட்டுவது. கண்ணுப்பிள்ளைச் செடி (சிறுபீளை என்றும் கூரைப்பூ என்றும் சொல்வார்கள்), ஆவாரம்பூ, வேப்பிலை, மாவிலை இந்த நான்கும் இருந்தால் காப்பு. சிலர் தும்பையும் சேர்ப்பார்கள். ஒரு காப்புக்குக் கண்ணுப்பிள்ளை நாலைந்து தண்டு, வேப்பங்கொழுந்து இரண்டு, பூவோடு ஆவாரங்கிளை ஒன்றிரண்டு, மாவிலை ஒன்று போதும். நீளம் ஒரு சாண். கண்ணுப்பிள்ளையை வெளிப்பக்கம் விட்டுக் கட்டுங்கள். ஆவாரம்பூ மறுநாளே உதிரும், வேப்பிலை நாலு நாளில் சுருளும், ஆனால் கண்ணுப்பிள்ளையின் வெள்ளைக் கதிர் காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். வீட்டில் காப்பு இருக்கிறது என்று காட்டுவது அதுதான். வாழைநாரில் கட்டினால் காயும்போது இறுகும், நைலான் கயிறு நழுவிவிடும்.

செடியைப் பனி காய்ந்த பிறகு அறுக்க வேண்டும். ஈரத்தோடு சாக்கில் திணித்து ஒரு ராத்திரி வைத்தால் உள்ளே வெந்து கறுத்துவிடும்; பொங்கலுக்கு முதல் நாள் சந்தையில் வாங்கும் கட்டில் நடுவே கறுப்பாக இருப்பது இந்த அவசரத்தால்தான். வேரோடு பிடுங்காமல் அரிவாளால் அறுத்தால் விதை விழுந்து அடுத்த ஐப்பசி மழைக்கு அதே இடத்தில் முளைக்கும். எத்தனை கட்டுவது? தலைவாசல், கொல்லை வாசல், தொழுவம், எருக்குழி, கிணறு, பம்புசெட், களம், வயலின் சனிமூலை (வடகிழக்கு), குலசாமி கோயில், வண்டி. சம்சாரி (விவசாயி) வீடு என்றால் பத்துக்குக் குறையாது. ஓட்டு வீட்டில் எரவாணத்தில் (கூரையின் தாழ்ந்த ஓரத்தில்) செருகலாம். கான்கிரீட் வீட்டில் நிலைக்கு மேல் ஒரு ஆணி. பொழுது இறங்குவதற்குள் கட்டி முடிக்க வேண்டும்.

"இது கிருமிநாசினி, நம் முன்னோர் விஞ்ஞானிகள்" என்று வாட்ஸப்பில் வருவதை இங்கே ஒட்டாதீர்கள். கண்ணுப்பிள்ளைக்குச் சித்த மருத்துவத்தில் சிறுநீர்க் கல்லுக்கான மருந்து என்று பெயர் உண்டு, அது கஷாயமாகக் குடிக்கும்போது. வாசலில் தொங்கும் இரண்டு கொழுந்து எந்தக் கிருமியையும் கொல்லாது. ஐப்பசி மழையில் முளைத்தது மார்கழியில் பூத்துவிட்டது, மழைக்காலம் முடிந்தது என்று காட்டுகிற செடி அது. அந்தப் பெருமை போதாதா?

தை பிறந்ததோடு குளிர் போய்விடும் என்றும் நினைக்காதீர்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. மாசி சிவராத்திரியோடு பனி 'சிவ சிவா' என்று ஓடிவிடும் என்பார்கள். அந்தச் சமயத்தில்தான் உசிலம்பட்டிப் பக்கம் மாசிப் பச்சைத் திருவிழா. குலசாமியின் பெட்டியைத் தலையில் சுமந்து பாப்பாபட்டிக்குப் போவார்கள். வெளியூர்க்காரர் வேடிக்கை பார்க்கலாம், பெட்டியின் குறுக்கே மட்டும் போகாதீர்கள்.

பங்குனி, சித்திரையில் மாரியம்மன், காளியம்மன் சாட்டு (ஊர்த் திருவிழா) நடக்கும் ஊர்களில் முளைப்பாரி. சில ஊரில் ஆடியிலும் புரட்டாசியிலும் போடுவார்கள், முறை ஒன்றுதான். நீங்கள் கேட்ட வினோதம் இதில்தான் நிறைய இருக்கிறது: பயிரை இருட்டறையில் ஒளித்து வளர்த்து, ஊருக்குக் காட்டி, கும்மி கொட்டி, தண்ணீரில் விட்டுவிடுவது.

வாயகன்ற மண்பானையின் அடியைத் தட்டி எடுத்துக் குச்சி கொடுத்துக் கட்டிக்கொள்வது பழைய முறை. இப்போது மூங்கில் கூடையோ பிளாஸ்டிக் பேசினோ. பேசின் என்றால் அடியில் துளை போடாமல் ஆரம்பிக்காதீர்கள். அடியில் வைக்கோல் மூன்று விரல் கனம், அதன் மேல் சலித்த கரம்பை மண்ணும் காய்ந்த எருத்தூளும் சரிக்குச் சரி. எரு நன்றாகக் காய்ந்து மக்கியிருக்க வேண்டும், பச்சைச் சாணி சூடு கிளப்பி விதையை அவித்துவிடும். மொச்சை, தட்டாம்பயறு, பாசிப்பயறு, சோளம், கம்பு, நெல் இவைதான் நம்பகமானவை. மொச்சையை ஒரு ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டும், பாசிப்பயறுக்கு ஆறேழு மணி நேரம் போதும், கம்பை ஊறவைக்காமலே தூவலாம். பூசைக் கடையில் 'நவதானியம்' என்று பொட்டலம் கட்டி விற்பதை வாங்கினால் பாதி முளைக்காது; அது வருடக்கணக்கில் கடையில் கிடந்தது. விதைக்கடையிலோ சம்சாரி வீட்டிலோ வாங்கி, ஒரு கைப்பிடியை ஈரத்துணியில் முடிந்து மூன்று நாள் முன்னாலேயே சோதித்துப் பாருங்கள். விதை ஒன்றோடொன்று தொடும்படி நெருக்கித் தூவி, மேலே எருத்தூளை அரை விரல் கனத்துக்கு மூடவேண்டும். நெருக்கம் குறைந்தால் முளை சாய்ந்துவிடும், நெருக்கம்தான் அதற்குத் தாங்கல்.

பிறகு இருட்டறை. விரதம் இருக்கும் பெண்கள் தவிர யாரும் உள்ளே போகமாட்டார்கள். இதைத் தீட்டுக் கணக்காக மட்டும் பார்த்துத் திட்ட ஒரு கூட்டம் வரும். திட்டுங்கள், பாதி நியாயம் உங்களிடம் இருக்கிறது. ஆனால் ஆள் போக்குவரத்துக் குறைந்தால் கதவு திறப்பது குறையும், வெளிச்சம் குறையும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வெளிச்சம் படாத முளை ஒளியைத் தேடி வேகமாக நீளும், பச்சையம் இல்லாமல் வெளிர் மஞ்சளாக இருக்கும். ஒன்பது நாளில் ஒரு சாணுக்கு மேல் வளருவதும் அந்தப் பொன் நிறமும் அதனால்தான். ஜன்னல் இடுக்கில் வெளிச்சம் வந்தால் மொத்தமும் அந்தப் பக்கமே சாயும், நிறமும் பச்சையாகிவிடும். தினம் கால் வட்டம் திருப்பி வைத்தால் ஓரளவு நேராகும். தண்ணீரை ஊற்றக்கூடாது, கையால் தெளிக்க வேண்டும், காலையும் மாலையும். நாலாம் நாளுக்குப் பிறகு குறைத்துவிடுங்கள். புளித்த வாடை வந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெள்ளைப் பூசணம் தெரிந்தால் அந்த இடத்தை மண்ணோடு அள்ளி எறிந்துவிட்டுத் தண்ணீரை ஒரு நாள் நிறுத்துங்கள். உப்பு ஏறிய போர்வெல் தண்ணீர் என்றால் பாசிப்பயறு முதலில் கருகும்.

கடைசியில் முளையை ஊருணியிலோ கண்மாயிலோ விட வேண்டும். இங்கே ஒரு ஆத்திரத்தைக் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஊருணியை மேம்படுத்துகிறோம் என்று சுற்றிலும் நடைபாதை, கம்பிவேலி, வண்ணக்கல், ஆள் உயரக் கல்வெட்டு எல்லாம் வைக்கிறார்கள். தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால் மட்டும் அடைபட்டே கிடக்கிறது. கேட்டுக்குப் பூட்டு வேறு. தண்ணீர் வராத குழிக்கு எதற்குப் பூட்டு? முளைப்பாரி சுமந்த பெண்கள் டிராக்டரில் கொண்டுவந்த சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீரில் முளையைக் கரைப்பதற்குத்தானா இத்தனை செலவு?

சித்திரைக்கு வருவோம். வேம்பு பங்குனிக் கடைசியில் பூக்கும். விடியற்காலையில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துக் கிளையை லேசாக உலுக்கினால் போதும். கிளையை ஒடித்தால் மொட்டும் சேர்ந்து வந்து கசப்பு ஏறும். தூசு புடைத்து நிழலில் இரண்டு நாள், வெயிலில் ஒரு நாள். வருடப் பிறப்புப் பச்சடிக்கு ஒரு மாங்காய், அரைக் கப் வெல்லம், உப்பு ஒரு சிட்டிகை, பச்சை மிளகாய் ஒன்று. பூ ஒரு மேசைக்கரண்டியை நெய்யில் தனியாக வறுத்து, அடுப்பை அணைத்த பிறகுதான் போட வேண்டும். கொதிக்கும்போது போட்டால் பச்சடி முழுக்கக் கசந்து, பிள்ளைகள் வருடம் முழுவதும் அந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

பிறகு சித்திரைப் பௌர்ணமி, அழகர் ஆற்றில் இறங்குவது. உலகத்துக்கே தெரிந்ததை விவரிக்கவில்லை, அதில் தண்ணீர் பீய்ச்சுவதை மட்டும் சொல்கிறேன். வெயில் தொடங்குகிற நேரத்தில் சாமியைக் குளிர்விப்பது என்பதுதான் நேர்த்தி. சல்லடம் (அரைக்கால் உடை) கட்டி, உருமால் (தலைப்பாகை) வைத்து, முழு ஆட்டுத்தோலால் ஆன பையைக் கக்கத்தில் இடுக்கி அழுத்துவார்கள், கழுத்தில் பொருத்திய சின்னக் குழாய் வழியே தண்ணீர் சீறும். தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டை. மார்கழிக் கடைசியில் வாசலில் கட்டிய அதே ஆவாரை. காய்ந்த பையை அப்படியே எடுத்துப் போனால் தையல் வழியே ஒழுகிக்கொண்டே இருக்கும், முதல் நாளே ஊறவைத்தால் தோல் உப்பித் தையல் அடைபடும். வெறும் தண்ணீர், வேண்டுமானால் கொஞ்சம் பன்னீர். சர்க்கரைத் தண்ணீர், பால், பொடி எதுவும் வேண்டாம், தோலும் கெடும், சாமியின் பட்டும் கெடும். விழா முடிந்ததும் நிழலில் கவிழ்த்துக் காயவைத்து விளக்கெண்ணெய் தடவுங்கள். வெயிலில் போட்டால் மடிப்பில் வெடிக்கும். விசை பம்பு வைத்து அடிப்பது அதிகமாகிப் போய், 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்குத் தடை போட்டது. பாரம்பரியத் தோல்பைதான், அதற்கும் முன்பதிவு. என்னைக் கேட்டால் சரியான உத்தரவு.

வைகாசி வசந்த விழாவுக்கு மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கே புதுமண்டபம். திருமலை நாயக்கர் இதற்கென்றே கட்டிய வசந்த மண்டபம், 124 தூண். சுற்றிலும் பள்ளமாக ஒரு அகழி போல இருப்பது அழகுக்கு அல்ல, தண்ணீர் நிரப்பி மண்டபத்தைக் குளிர்விக்க. பல தலைமுறையாகத் தையல்கடையும் பாத்திரக்கடையும் புத்தகக்கடையும் நிறைந்திருந்ததால் ஊர்க்காரர்களில் பலருக்கே இது வசந்தத்துக்கான மண்டபம் என்பது மறந்து போயிற்று.

நேரில் பார்க்க வருவதென்றால் ஜனவரி 13-ஆம் தேதி மதியத்துக்குள் ஏதாவது கிராமத்துக்குப் போய்விடுங்கள். சில வருடம் பொங்கல் 15-ஆம் தேதி வரும், அப்போது காப்புக் கட்டு 14. காலண்டரைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.